கிண்ணத்தில் விழும் துணுக்கு

அவளுடைய வலது கால் சும்மா இருக்காது. பேருந்தில் உட்கார்ந்தால் முன்சீட்டின் அடிக்கம்பியை மிதிக்கும். டிவியில் யாராவது கார் ஓட்டினால் வீட்டுத் தரையை மிதிக்கும். தூக்கத்தில் கணவனின் கணுக்காலை எத்தனையோ முறை மிதித்திருக்கிறது.

"தூக்கத்துலயாவது எனக்கு லைசென்ஸ் குடுத்துடு தாயே" என்று அவர் கும்பிடு போடுவார்.

என்ன செய்வது, தொழில் அப்படி. டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொள்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார். அவள் பக்கத்துச் சீட்டில் இருப்பாள். அவள் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. எதிரே லாரி வரும்போது கண்ணை மூடிக்கொள்பவர்கள், கியர் மாற்றச் சொன்னால் குனிந்து கியரைத் தேடுபவர்கள், நாய் குறுக்கே வந்தால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு "ஐயோ" என்று கையைத் தூக்குபவர்கள், இத்தனை பேரின் உயிரும் அந்த ஒற்றைக் காலில்தான் இருந்தது. ஊரே அவளை 'பிரேக்கக்கா' என்றுதான் கூப்பிட்டது. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

வாழ்க்கையில் அவளால் நிறுத்த முடியாமல் போனது ஒன்றே ஒன்றுதான். அது அவள் கணவனின் வைராக்கியம்.

அவர் மோட்டார் காயில் கட்டுபவர். கடைக்குள் நுழைந்தாலே வார்னிஷ் நெடி மூக்கில் ஏறும். செம்புக் கம்பியை இழை பிசகாமல் சுற்றும் அந்த நிதானமான மனிதர், வாழ்க்கையில் ஒரே ஒரு நாள்தான் கத்தினார். அது அவருடைய தாய் செத்த அன்றைக்கு. அடக்கப் பூசைக்கு வரவேண்டிய சாமியார் எங்கோ போய்விட்டார். கோயில் வாசலில், சுட்டெரிக்கும் வெயிலில் சவப்பெட்டி காத்துக் கிடந்தது. கடைசியில் வந்தவர் ஜெபத்தை ஓட்டமாக ஓட்டினார். கல்லறையருகே கணவன் கத்த, சாமியாரும் கத்த, "இனிமே உங்க யார் கையாலயும் நன்மை வாங்கமாட்டேன்" என்று அவர் சொல்லிவிட்டார். நன்மை என்றால் நற்கருணை, பூசையில் ஆண்டவரின் உடலாகச் சாமியார் தரும் அப்பம். அந்தச் சாமியார் வேறு ஊருக்கு மாறிப்போய், பிறகு செத்தும் போய்விட்டார். சொன்ன சொல் மட்டும் சாகவில்லை.

"குடுக்குறது அந்த ஆளா? உள்ள இருக்கிறவரு யாரு? அந்த ஆள் வெறும் கைதானே!" என்று அவள் சண்டை போடுவாள்.

"கை சுத்தமா இருக்கணும்ல" என்பார் அவர்.

இருபது வருஷத்துக்கு மேல் இதே கதைதான். ஞாயிறுதோறும் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கவாசலிலேயே நிற்பார். கடைசிப் பாட்டு முடிந்ததும் வண்டியைக் கிளப்புவார். வியாழக்கிழமை நற்கருணை ஆராதனைக்கும் அப்படித்தான். அவள் உள்ளே மண்டியிட்டு ஒரே வேண்டுதலை வேண்டிக்கொண்டிருப்பாள். 'ஒரே ஒரு தடவை. அவரும் நானும் பக்கத்துல பக்கத்துல நடந்து போய் உங்களை வாங்கணும். அப்புறம் நான் எதுவும் கேக்கமாட்டேன்.'

மகளின் கல்யாணம் நிச்சயமான அன்று, அந்தப் பாறை அசைந்தது.

"பாப்பா கல்யாணப் பூசையில நானும் வரேன். உன்கூட வந்து வாங்குறேன்" என்றார், யாரோ காயில் கட்டக் கொடுத்த ஃபேனைத் துடைத்துக்கொண்டே.

"என்னது?"

"முந்தின நாளே சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கிறேன். ரெண்டு தடவை சொல்ல வைக்காத, மனசு மாறிடும்."

அவள் அடுப்படிக்குள் ஓடிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பாவி மகள், அந்த அழுகையின் ஈரம் காய்வதற்குள் அடுத்த இடி காத்திருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்!

கொஞ்ச நாளாகவே வயிறு சரியில்லை. உப்பும், வலிக்கும், சாப்பிட்டது ஒட்டாது. உடம்பு துரும்பாக இளைத்தது. கல்யாணத்துக்காகத் தைத்த ஜாக்கெட் தோளில் தொங்கியது. பரிசோதனை எல்லாம் முடித்து டாக்டரம்மா நிதானமாகச் சொன்னாள்.

"கோதுமையில இருக்கிற ஒரு சத்தை உங்க குடல் எதிரியா நினைக்குது. இனிமே கோதுமை கூடவே கூடாது. ஒரு துணுக்குகூட."

"சரி டாக்டர். ரொட்டி, பிஸ்கட் எல்லாத்தையும் விட்டுடுறேன். கோயில்ல வாங்குறது காகிதம் மாதிரி மெல்லிசுதான். அது பரவாயில்லையே?"

"எதுல செய்றாங்க?"

"கோதுமை மாவுலதான்" என்றாள் அவள்.

டாக்டர் பேச்சைக் கேட்டு ஆண்டவரை விடுவதா? அந்த ஞாயிறே வரிசையில் நின்று வாங்கினாள். மறுநாள் பாடம் நடத்தும்போது குடலை யாரோ துணி பிழிவதுபோல் பிழிந்தார்கள். மூன்றாவது கியரையே பார்த்திராத ஒரு பேங்க் அம்மாள், அவளை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனாள். வழியெல்லாம் "அக்கா, பிரேக் போடுங்கக்கா, பிரேக் போடுங்கக்கா" என்று புலம்பினாள். அக்காவோ சீட்டில் சுருண்டு கிடந்தாள்.

"எனக்கு ஓட்ட வந்துடுச்சு போல!" என்று ஆஸ்பத்திரி வாசலில் அந்த அம்மாள் மகிழ்ந்தது வேறு கதை.

கணவன் கட்டிலருகே நின்று ஒரே வரி சொன்னார். "இன்னொரு தடவை அதை வாயில வெச்சேன்னா, கல்யாணத்துக்கே நான் வரமாட்டேன்."

அவர் வருவதற்காக இத்தனை வருஷம் காத்திருந்தாள். அவர் வரும்போது அவளால் போகமுடியாது. இந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்வது?

அந்தக் கோயிலின் பங்குச் சாமியாரிடம்தான் போனாள். இளைஞர், நல்லவர், மறதிக்காரர். அவளிடமே கார் ஓட்டக் கற்றவர். பின்னால் பார்க்கும் கண்ணாடியைப் பார்த்தால் முன்னால் இருப்பதை மறந்துவிடுவார். அவளுடைய கால் பிரேக்கில் 'டக்' என்று விழும் சத்தம் கேட்டாலே சிலையாகிவிடுவார். லைசென்ஸ் வாங்கிய பிறகும் அவர் அவளை "டீச்சர்" என்றுதான் கூப்பிட்டார்.

"ஃபாதர், எனக்கு மட்டும் அரிசி மாவுல ஒண்ணு செஞ்சு வெச்சுடலாமா?"

"முடியாது டீச்சர். கோதுமை அப்பம்தான். ஆண்டவர் கையில எடுத்தது அது."

"வானத்தையும் பூமியையும் படைச்சவருக்கு அரிசிக்குள்ள வரத் தெரியாதா?"

"வரத் தெரியும். ஆனா அவர் எதுல வரேன்னு சொன்னாரோ, அங்கதானே நான் தேட முடியும்? உங்க வீட்டு விருந்துக்கு வர்ற வழியை நான் மாத்திக்கலாம். உங்க வீட்டை நான் மாத்த முடியாதுல்ல?"

"அந்தச் சத்து ரொம்பக் குறைச்ச கோதுமை அப்பம்னு ஒண்ணு இருக்காமே?"

"இருக்கு. உங்க டாக்டர் என்ன சொல்றாங்க?"

"என் உடம்புக்கு அதுவும் ஆகாதாம்."

அவர் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. "கிண்ணம் இருக்கே! திராட்சை இரசம். அதுலயும் அவர் பாதி இல்ல, முழுசா இருக்காரு. உடலும் இரத்தமும் எல்லாம் ஒண்ணாவே. ஞாயித்துக்கிழமை எனக்கு அப்புறம் நீங்க கிண்ணத்துல குடிச்சிடுங்க."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஞாயிறு வந்தது. முன்வரிசையில் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தாள். அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றம் முடிந்தது. செம்மறிப் பாட்டு பாடும்போது சாமியார் பெரிய அப்பத்தை உடைத்தார். ஒரு சின்னத் துணுக்கைக் கிள்ளினார். கிண்ணத்துக்குள் போட்டார்.

அவள் வயிற்றுக்குள் அதே துணுக்கு விழுந்ததுபோல் இருந்தது. நினைவு தெரிந்த நாளிலிருந்து பூசை பார்க்கிறாள். ஒவ்வொரு பூசையிலும் ஒரு துணுக்கு கிண்ணத்தில் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அந்த நேரத்தில் தலை குனிந்து பாடுவதால் ஒருநாளும் கண்டதில்லை. சாமியாரும் தினமும் செய்வதாலேயே அதை மறந்திருந்தார். அன்றைக்கு அவள் எழுந்திருக்கவில்லை.

"ஐயோ டீச்சர்!" என்று பூசை முடிந்து அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "தனியா ஒரு சின்னக் கிண்ணம் வெச்சிடுறேன். அதுல எதையும் போடமாட்டேன்."

சின்னக் கிண்ணம் வந்தது. அடுத்த வாரம், பீடத்தைத் தயார் செய்யும் காது மந்தமான கோயில்பிள்ளை அதில் இரசத்தை ஊற்ற மறந்துவிட்டார். அதற்கடுத்த வாரம் ஊற்றினார். ஆனால் உதவிக்கு வந்த பெரியவர், பல் இல்லாத ஒரு பாட்டிக்கு அப்பத்தை அதே கிண்ணத்தில் நனைத்துக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் பிரேக்கக்காவிடம் புன்னகையோடு நீட்டினார். இன்னொரு வாரம் வெளியூர்ச் சாமியார் வந்தார். யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

"அண்ணே, அது எனக்கு வெச்சதுண்ணே!" என்று கோயில்பிள்ளையிடம் கத்தினாள்.

"ஆமா, நல்லா கழுவி வெச்சிருக்கேன்" என்றார் அவர் பெருமையாக.

யாரைத் திட்டுவது? எல்லோரும் நல்லவர்கள். கெட்டவன் ஒருவன் இருந்தாலாவது சட்டையைப் பிடிக்கலாம். நல்லவர்களின் மறதியை எதைப் பிடித்து உலுக்குவது?

போதாக்குறைக்கு ஊர் வாய். வரிசையாக எல்லோரும் எழுந்து போகும்போது ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தால் விடுவார்களா? பாட்டுக் குழுவில் இருந்த அம்மாள், அவள் காதில் விழும்படியே குசுகுசுத்தாள்.

"தினமும் யார் யாரையோ பக்கத்துல உக்கார வெச்சு ஓட்டுறா. என்ன நடந்துச்சோ, நன்மை வாங்க முடியாத அளவுக்கு!"

"அக்கா, அது வயித்துக் கோளாறு" என்று திரும்பிச் சொன்னாள் அவள். "உங்களுக்கு வாய்க் கோளாறு. ரெண்டுக்கும் பத்தியம் உண்டு."

சாமர்த்தியமாகச் சொல்லிவிட்டாளே தவிர, வீட்டுக்கு வந்து மகளின் கல்யாணப் புடவையை இஸ்திரி போடும்போது கண்ணீர் சொட்டியது. துணியில் பட்டுச் 'சுர்' என்றது.

"அம்மா, கறை விழும்மா" என்றாள் மகள் மெதுவாக. "அன்னைக்கு நானே கூட நின்னு பாத்துக்கிறேன்."

"கல்யாணப் பொண்ணு நீ கிண்ணத்தைப் பாப்பியா, மாப்பிள்ளையைப் பாப்பியா? போடி!"

கல்யாணத்துக்கு முந்தைய வியாழக்கிழமை. கதிர்ப்பாத்திரத்தில் நற்கருணை வைத்திருந்தார்கள். தங்கக் கதிர்களுக்கு நடுவே கண்ணாடி. கண்ணாடிக்குள் வெள்ளை வட்டம். ஜன்னல் வெயில் பீடத்தின் துணியில் படர்ந்திருந்தது. உள்ளே நாலைந்து பேர், எல்லோரும் கண்மூடி ஜெபத்தில். அவள் மட்டும் கண்ணை விழித்து முறைத்துக்கொண்டிருந்தாள்.

'நல்லாயிருக்கா உங்களுக்கு? பசிச்சவ முன்னாடி பண்டத்தைக் கண்ணாடிக்குள்ள வெச்சுக் காட்டுறீங்க. கடைக்காரன்கூட பாவம்னு முகத்தைத் திருப்பிக்குவான். நீங்க வாங்கச் சொன்னீங்க, உண்ணச் சொன்னீங்க. பாத்துட்டு உக்காருன்னா சொன்னீங்க? நான் என்ன, வேடிக்கை பாக்கவா வந்தேன்?'

வெள்ளை வட்டம் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

முறைத்து முறைத்துக் கழுத்து வலித்தது. திருப்பினாள். பக்கவாசலில் கணவன் நின்றிருந்தார். கையில் ஹெல்மெட். நகக்கண்ணில் வார்னிஷ். அவர் அவளைப் பார்க்கவில்லை. உள்ளே, தூரத்தில், அந்த வெள்ளை வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் இருந்தது கோபம் இல்லை. பசி.

எழுந்து வெளியே போனாள்.

"உள்ள வந்து உக்காரக்கூடாதா? எத்தனை வருஷமா இப்படி நின்னு பாக்குறீங்க?"

"இங்கிருந்தே தெரியுது."

"என்ன தெரியுது?"

அவர் ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதுவும் தெரியும். நீ வாங்கிட்டுத் திரும்பி வரும்போது உன் முகமும் தெரியும். வாரம் பூரா அது போதும்னு இருந்தேன். இப்போ ரெண்டு பேருமே வெளிய நிக்கிறோம்."

வயிறு நிறைந்த நாட்களில் இந்த மனிதரை எத்தனை முறை ஏசியிருப்பாள்! "பட்டினி கெடங்க, உங்க வீம்புக்கு" என்று எத்தனை முறை சொல்லியிருப்பாள்! பட்டினி என்றால் என்ன என்பது இப்போதல்லவா தெரிகிறது.

திரும்பி உள்ளே போய் மண்டியிட்டாள். மறுபடி முறைத்தாள். இப்போது வேறொன்று உறைத்தது. உண்பதற்கென்று வந்தவர் அங்கே உண்ணப்படாமல் இருக்கிறார். எழுந்து வாசலுக்கு ஓட அவருக்கும் வழியில்லை. யாராவது வரும்வரை கண்ணாடிக்குள் காத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பக்கமும் பசிதான்.

'அப்படியும் உங்களை நான் மன்னிச்சேன்னு நினைக்காதீங்க' என்று உள்ளுக்குள் சொன்னாள். 'கல்யாணத்தன்னைக்கு ஒழுங்கா வந்து சேருங்க.'

கல்யாண நாள். கோயில் நிரம்பி வழிந்தது. முந்தைய நாளே கணவன் பாவசங்கீர்த்தனம் முடித்திருந்தார். உள்ளே என்ன பேசினாரோ, வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. "சாமியார் என்ன சொன்னாரு?" என்று கேட்டதற்கு, "உன் அடி வாங்கினதே போதுமான தவம்னு சொன்னாரு" என்றார். இப்போது அவள் பக்கத்தில், முன்வரிசையில், புதுச்சட்டையில் விறைத்து உட்கார்ந்திருந்தார். அவ்வளவு வருஷத்துக்குப் பிறகு கோயிலுக்குள் உட்கார்ந்த மனிதருக்குக் கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை.

பூசைக்கு முன் அவள் எல்லோரையும் ஒருமுறை மிரட்டிவிட்டு வந்திருந்தாள். கோயில்பிள்ளை சின்னக் கிண்ணத்தில் இரசம் ஊற்றியதைக் கண்ணால் பார்த்தாள். சாமியார் நெஞ்சில் கைவைத்து, "இன்னைக்குத் தப்பே நடக்காது டீச்சர்" என்றார்.

ஆனால் பீடமெங்கும் பூச்சாடி. இடம் பற்றாமல், ஓரத்தில் இருக்கவேண்டிய சின்னக் கிண்ணத்தைக் கோயில்பிள்ளை நடுவில் தள்ளி வைத்திருந்தார். செம்மறிப் பாட்டு தொடங்கியது. சாமியார் அப்பத்தை உடைத்தார். துணுக்கைக் கிள்ளினார். கை பழக்கத்தில் நடுவுக்குப் போனது.

துணுக்கு சின்னக் கிண்ணத்தில் விழுந்தது.

இத்தனை வருஷத்து வேண்டுதல், இத்தனை நாள் கத்தல், கெஞ்சல் எல்லாம் அந்தத் துணுக்கோடு முங்கிப்போனது. கணவனும் பார்த்துவிட்டார். அவர் முகம் இருண்டது.

"எனக்கும் வேண்டாம்" என்றார் பல்லுக்குள். "நீ வாங்கலன்னா நானும் வாங்கல. வா, வெளிய போயிடலாம்."

"உக்காருங்க!"

"என்னத்துக்கு?"

என்னத்துக்கு? அவளுக்கும் தெரியவில்லை. கண் பீடத்திலேயே இருந்தது. சாமியார் அப்பத்தை உண்டார். சிறிது நேரம் கண் மூடி நின்றார். பிறகு பெரிய கிண்ணத்தைக் கையில் எடுத்தார்.

பெரிய கிண்ணம்!

சின்னக் கிண்ணத்தில் துணுக்கு விழுந்ததென்றால், பெரிய கிண்ணத்தில் விழவில்லை. அப்பம் உண்ட வாயை அவர் அதில் வைத்துவிட்டால் அதுவும் போய்விடும். கிண்ணம் உதட்டை நோக்கி உயர்ந்தது. கத்தினால் கோயிலே திரும்பும். யோசிக்க நேரமில்லை. அவளுடைய வலது கால் தானாகவே, முழு பலத்தோடு, மண்டியிடும் பலகையை மிதித்தது.

டக்!

பாட்டு நின்றிருந்த அமைதியில் அது வெடிபோல் விழுந்தது. கல்யாணப்பெண் திரும்பினாள். பாட்டுக் குழு அம்மாள் எழுந்தே விட்டாள். பீடத்தில் சாமியார், கிண்ணம் உதட்டுக்கு எதிரே அப்படியே நிற்க, சிலையானார்.

மெல்ல நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார். அவள் கண்ணால் சின்னக் கிண்ணத்தைக் காட்டினாள். அவர் அதற்குள் எட்டிப் பார்த்தார். அவர் முகம் ஒவ்வொரு நிறமாக மாறியது. பெரிய கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தார். சின்னக் கிண்ணத்தை எடுத்து, துணுக்கோடு சேர்த்துத் தானே பருகினார்.

மணமக்களுக்குக் கொடுத்து முடித்த பிறகு அவளும் கணவனும் எழுந்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். கணவனின் கால்கள் பின்னின. "நேரா பாத்து நடங்க" என்று பழக்கத்தில் அதட்டினாள்.

"கிறிஸ்துவின் திருவுடல்" என்றார் சாமியார்.

"ஆமென்" என்று சொல்ல வேண்டியவர், தலையை மட்டும் ஆட்டினார். பிறகு அவர் வாயிலிருந்து அந்தச் சொல் உடைந்து உடைந்து வந்தது. நீட்டிய அந்தக் கரடுமுரடான உள்ளங்கையில் வெள்ளை வட்டம் அமர்ந்தது.

சாமியார் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு பெரிய கிண்ணத்தை அவளிடம் நீட்டினார். "கிறிஸ்துவின் திருஇரத்தம்."

"ஆமென்."

குளிர்ந்த உலோக விளிம்பு உதட்டில் பட்டது. துளி நாக்கில் இறங்கியது. வயிறும் நெஞ்சும் ஒருசேர அமைதியானதுபோல் இருந்தது. திரும்பி நடக்கும்போது கணவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். இந்த முறை வாசலில் இருந்து இல்லை. ஒரு முழம் தூரத்தில் இருந்து.

"காலு வலிக்குதா?" என்று கேட்டார்.

"பலகை உடைஞ்சிருக்கும்."

இதோடு கதை முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அடுத்த ஞாயிறு வேறொரு சாமியார் பூசை வைத்தார். சின்னக் கிண்ணம் அலமாரியிலேயே பூட்டிக் கிடந்தது. சாவி கோயில்பிள்ளையிடம். கோயில்பிள்ளை பேரனைப் பார்க்க ஊருக்குப் போய்விட்டார். வரிசை எழுந்தது. கணவன் எழுந்தார். அவள் உட்கார்ந்திருந்தாள். அவர் வாங்கிக்கொண்டு திரும்பி வரும் முகத்தைப் பார்த்தபோது, பொறாமையா பூரிப்பா என்று தெரியாத ஏதோ ஒன்று அவளுக்குள் எழுந்தது. அவர் அத்தனை வருஷமும் வாசலில் நின்று பார்த்தது இதைத்தானா?

வியாழக்கிழமை ஆராதனைக்குப் போனாள். பக்கவாசலில் யாரும் நிற்கவில்லை. ஹெல்மெட் அவள் பக்கத்துப் பலகையில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் அவர். அவள் கதிர்ப்பாத்திரத்தை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு என்ன சண்டை?" என்று கிசுகிசுத்தார்.

"சாவி விஷயம்."

"ரொம்பத் திட்டாத. அவரும் உள்ள பூட்டித்தானே கிடக்காரு."

அவளுடைய வலது கால், பலகைமீது, மெல்ல ஒருமுறை அழுந்தியது.